செப்பனிட்ட பொருளும் செலுத்தாத கூலியும்

நெய்யாற்றின்கரையை விட்டுத் தெற்கே புறப்பட்டு, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளை சேரும் நெடுஞ்சாலையில் செல்வோர், இருமருங்கிலும் உள்ள பழுது பார்க்கும் சிறு கடைகளைக் கண்டிருப்பர். மின்விசிறிக்குக் கம்பி சுற்றுபவர், மிக்சி சரி செய்பவர், தையல்காரர், சைக்கிள் கடைக்காரர், கைக்கடிகாரம் பார்ப்பவர், குடை தைப்பவர், கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் இளைஞர் என இவர்கள் பலதரப்பட்டவர். ஆயினும் இவர்கள் எல்லாருடைய கடையிலும் ஒரு பொதுவான காட்சி உண்டு. வேலை முடிந்தும் உடையவர் வந்து எடுத்துச் செல்லாத பொருள்கள் அலமாரியிலும் பரணிலும் மேசைக்கடியிலும் நிறைந்து கிடக்கும் காட்சியே அது. நின்று இரண்டடி நகர இடமில்லாத அறையில், பாதி இடம் இவ்விதம் பிறர் பொருளுக்குப் போய்விடுகிறது.

இம்மாதம் இப்பகுதியில் இந்த விஷயத்தையே எடுத்துக்கொண்டோம். இது அற்பமான செய்தி என்று சில அன்பர்கள் எண்ணக்கூடும். நம் சங்கத்துக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், இத்தகைய கடையை நடத்துவோரும் நம்மவரே. அக்கடைகளில் பொருளைக் கொடுத்துவிட்டு மறந்திருப்போரும் நம்மவரே. ஆகையால் இது நம் வீட்டுக் கணக்கு. வெளியார் வந்து தீர்த்து வைக்கப் போவதில்லை.

முதலில் அந்தக் கடைக்காரருடைய வரவு செலவைச் சற்றே பார்ப்போம். பின்வருவது எந்தத் தனிக் கடையின் கணக்கும் அன்று. விளங்குவதற்காக நாமாக எடுத்துக்கொண்ட எண்கள். ஒருவரிடம் மாதம் 60 பொருள்கள் வருகின்றன என்றும், ஒன்றுக்குச் சராசரி 300 ரூபாய் பெறுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 300 ரூபாயில் 120 ரூபாய் செப்புக் கம்பி, பேரிங், சுவிட்சு முதலிய உதிரிப் பாகங்களுக்குப் போகிறது. அவற்றை அவர் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ மார்த்தாண்டத்திலோ ரொக்கம் கொடுத்து வாங்கி வருகிறார். எஞ்சிய 180 ரூபாயில்தான் வாடகை, மின்கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். மாதத்தில் 15 பேர் குறித்த நாளில் வரவில்லை என்றால் 4,500 ரூபாய் முடங்கிவிடுகிறது. அவர்களுள் 10 பேர் இரண்டு மூன்று மாதம் சென்று வந்தாலும், 5 பேர் வராமலே போகின்றனர். ஓராண்டில் 60 பொருள்கள், 18,000 ரூபாய். அதாவது ஆண்டில் ஒரு மாத உழைப்பு முழுவதும் ஊதியமின்றிப் போயிற்று. அது மட்டுமன்று. உதிரிப் பாகத்துக்காகக் கைப்பணத்திலிருந்து கொடுத்த 7,200 ரூபாயும் அந்தப் பொருள்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். பழுது பார்ப்பவன் கணக்குப் பார்த்தாலும் அப்படித்தான்.

இந்த நஷ்டத்தை அவர் எங்கே போய் ஈடு செய்வது? அடுத்த கொள்முதலுக்குப் பணமில்லாதபோது வட்டிக்கு வாங்குகிறார். ஆக, நாம் எடுக்கத் தவறிய மின்விசிறிக்கு அவர் வட்டி கட்டுகிறார். இதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

இனி, பொருளை எடுக்க வாராமைக்குக் காரணங்கள் யாவை என்று ஆராய்வோம். வறுமை ஒரு காரணம். அதை நாம் குறை கூறமாட்டோம். கூலி வேலைக்குச் செல்வோர்க்கு மழைக் காலத்தில் வேலை குறைந்தால், மிக்சியை மீட்பதைவிட அரிசி வாங்குவது முதற் கடமை. ஆனால் வறுமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பழைய மிக்சியைச் சரி செய்யக் கொடுத்துவிட்டு, ஓணத் தள்ளுபடியில் புதியது வாங்கிவிடுவோர் உளர். வளைகுடா நாட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் கடையில் கொடுத்ததை வீட்டாரிடம் சொல்லாமலே போய்விடுவோர் உளர். மே மாத இறுதியில் குடையைக் கொடுத்து, ஜூன் மழை தொடங்கியதும் வேறு குடை வாங்கிக்கொண்டு, கொடுத்ததை மறந்துவிடுவோர் உளர். இவர்கள் எல்லாரையும்விடப் பெருந்தொகையினர் வேறொரு வகையினர். “பொருள் அவரிடம் பத்திரமாகத்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது?” என்று எண்ணுவோரே அவர்கள். நம் வீட்டில் இடமில்லாததை வைக்க அவர் கடையைக் களஞ்சியமாக்கிக் கொள்கிறோம். அதற்கு வாடகையும் இல்லை.

இவ்வெல்லைப்புற ஊர்களுக்கென்றே ஒரு தனிச் சங்கடமும் உண்டு. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்ததேயன்றி, உறவும் வாணிகமும் அறுபடவில்லை. இன்றும் பாறசாலைக் கடைக்காரருடைய வாடிக்கைக்காரர் பலர் களியக்காவிளைக்கு அப்பால் வசிக்கின்றனர். அப்படியே அங்குள்ள கடைக்கு இங்கிருந்தும் பொருள் போகிறது. 1979 ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், வண்டியில் வந்து போகிறவர்களும் சேர்ந்துகொண்டனர். வாடகை வீட்டில் இருந்த குடும்பம் ஒரு நாள் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டால், கடைக்காரர் எங்கே போய்த் தேடுவார்? அவரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு பெயரும், மாறிப்போன ஒரு தொலைபேசி எண்ணுமே.

அதைவிடப் பெரிய சங்கடம் உறவு முறை. கடைத்தெருவில் நாம் அவரை அண்ணாச்சி என்கிறோம். மலையாள அன்பர்கள் சேட்டன் என்கின்றனர். அண்ணாச்சி என்று அழைத்தவரிடம் அவர் எப்படிக் கண்டிப்பாகப் பணம் கேட்பார்? “நாளைக்கு வாறேன், அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுகிறோம். அந்த நாளை ஒரு மாதமாகிறது. பின்னர் அவர் கடை முன் நடப்பதற்கே நமக்குக் கூச்சம் வந்து, எதிர்ப்புறமாகச் செல்கிறோம். கொடுக்க வேண்டியதோ 300 ரூபாய். இழப்பதோ பல ஆண்டுப் பழக்கம். கடன் அன்பை முறிக்கும் என்று கடைகளில் எழுதி வைத்திருப்பதன் உண்மை இதுவே. உறவு முறையைச் சொல்லி அழைப்பது உரிமைக்கு மட்டும் அன்று, கடமைக்கும் சேர்த்துத்தான்.

காலம் தாழ்த்துவதால் நம் பொருளுக்கே கேடு விளைகிறது என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டரில் பயன்படும் ஈய அமில மின்கலம் மின்னேற்றாமல் மாதக்கணக்கில் கிடந்தால், அதன் தகடுகளில் உப்புப் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். தையல் இயந்திரத்துக்கு இட்ட எண்ணெய் ஓடாமல் நின்றால் பிசினாகிவிடும். நம் நாட்டு மழையின் ஈரத்தில் குடைக் கம்பி துருவேறும். தைத்து வைத்த துணியில் பூஞ்சை படரும். ஆறு மாதம் சென்று வந்து, “நீர் சரி செய்தது ஓடவில்லையே” என்று வாதாடுவது எந்த நியாயத்தில் சேரும்?

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பார்ப்போம். எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் பெயர்ப்பலகையின் மொழி மாறலாம். இவ்விஷயத்தில் சட்டம் ஒன்றே. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு காரியத்துக்காகப் பொருளை மற்றொருவரிடம் ஒப்படைப்பதைப் பற்றி 148 ஆம் பிரிவு முதல் விரிவாகப் பேசுகிறது. அதன் 151 ஆம் பிரிவின்படி, பொருளைப் பெற்றுக்கொண்டவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகக் காப்பாரோ அவ்வளவு கவனத்தோடு அதைக் காக்க வேண்டும். ஆக, நாம் எடுக்காமல் போட்டுவைத்த பொருளுக்கும் அவர் காவல் இருக்க வேண்டியவராகிறார்.

அதே சட்டம் அவருக்கு ஓர் உரிமையும் அளிக்கிறது. 170 ஆம் பிரிவின்படி, ஒரு பொருளின் மேல் தம் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், வேறு விதமான ஒப்பந்தம் இல்லாதவரை, அதற்குரிய கூலி கிடைக்கும் வரையில் அப்பொருளைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இதைப் பற்றுரிமை என்பர். வைரத்தைப் பட்டை தீட்டக் கொடுத்தால், கூலி பெறும்வரை அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று சட்டமே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறது. மற்றோர் எடுத்துக்காட்டு தையல்காரரைப் பற்றியது. கோட்டுத் தைத்து முடித்தவுடன் தருவதாகவும், கூலிக்கு மூன்று மாதத் தவணை கொடுப்பதாகவும் அவர் வாக்களித்துவிட்டால், பணம் வரவில்லை என்று கோட்டை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை இல்லை. நம் கடைக்கார அன்பர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நலம். “பணம் பிறகு தாருங்கள், பரவாயில்லை” என்று வாய் தவறிச் சொல்லும் ஒரு சொல், சட்டம் தந்த பிடியைத் தளர்த்திவிடும்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒன்று, இந்த மின்விசிறிக்குரிய கூலிக்காக இந்த மின்விசிறியைத்தான் நிறுத்தலாம். போன ஆண்டு மிக்சிக்குத் தர வேண்டிய பாக்கிக்காக இதைப் பிடித்து வைத்தல் ஆகாது. அத்தகைய பொதுப் பற்றுரிமையை 171 ஆம் பிரிவு வங்கியர் முதலான சில வகையினர்க்கே அளிக்கிறது. மற்றவர்கள் வெளிப்படையான ஒப்பந்தத்தின் பேரில்தான் அதைப் பெறலாம். மற்றொன்று, பொருளை நிறுத்தி வைக்கலாமேயன்றி, விற்றுவிடும் உரிமை இப்பிரிவால் கிடைப்பதில்லை. அடகு பிடித்தவர் தக்க அறிவிப்புக் கொடுத்து விற்கலாம் என்று 176 ஆம் பிரிவு சொல்லுகிறது. பழுது பார்த்தவருக்கு அப்படிச் சொல்லவில்லை. அவராக விற்றுவிட்டால், உடையவர் ஒரு நாள் வந்து விலை கேட்கும்போது பதில் சொல்ல நேரிடலாம். ஆகவே, “30 நாட்களுக்குள் எடுக்காவிடில் நாங்கள் பொறுப்பல்ல” என்று சுவரில் ஒரு பலகையை மாட்டிவிட்டு, அத்தோடு கவலை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. அந்த நிபந்தனையைப் பொருள் வாங்கும்போதே வாடிக்கைக்காரருக்கு அறிவித்து, சீட்டில் அவருடைய கையெழுத்தையும் பெற்றால்தான் அதற்கு வலுவுண்டு.

கூலிக்காக வழக்குத் தொடுப்பதாயின், தவணை ஏதும் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே காலம் என்று 1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் வரையறுக்கிறது. 300 ரூபாய்க்கு யார் நீதிமன்றம் ஏறுவார்? ஏறத் தேவையில்லை. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி தாலுகா தோறும் அமையும் சட்டப் பணிகள் குழுவிடம் ஒரு மனுக் கொடுத்தால், வழக்காக மாறுமுன்னரே இருதரப்பாரையும் அழைத்துச் சமாதானம் பேசுவர். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. பெரிய தொகையாயின் இவ்வழியை நாடலாம்.

இங்கிலாந்தில் உறவினரை உடைய அன்பர்கள் சிலர் நம் சங்கத்தில் உண்டு. அந்நாட்டில் இதே தொல்லை தலைதூக்கியபோது, எடுத்துச் செல்லப்படாத பொருள்களைப் பற்றி 1952 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றினர். பின்னர் 1977 ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அதன்படி, கூலி பாக்கியிருக்கும் பொருளுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பி, அதன் பின்னும் உடையவர் வராவிட்டால் பொருளை விற்கலாம். தம் கூலியும் செலவும் போக மிகுந்ததை உடையவருக்குத் தர வேண்டும். இருதரப்பாருக்கும் நியாயமான ஏற்பாடு அன்றோ இது?

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் வேலை பார்க்கும் இரயில்வேயையே எடுத்துக்கொள்வோம். நிலையத்தில் வந்து இறங்கிய சரக்கை இலவச அவகாசத்துக்குள் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பொருள் காப்பறையில் வைத்த பெட்டிக்கும் நேரத்துக்கேற்பக் கட்டணம் உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் சரக்கை, அறிவிப்புக்குப் பின் பொது ஏலத்தில் விற்க 1989 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் இடமளிக்கிறது. இதைக் கண்டு யாரும் சினம் கொள்வதில்லை. விதி என்று கட்டிவிட்டுப் போகிறார்கள். அத்துணை பெரிய நிர்வாகத்துக்கு இடமும் பணமும் அருமையென்றால், பத்தடி அறைக்காரருக்கு அவை எத்துணை அருமை! பெரியவரிடம் விதிக்குப் பணிந்து, சிறியவரிடம் விதியே இல்லை என்று நடப்பது நமக்கு அழகாகாது.

இவ்வளவு சொன்ன பின், கடைக்கார அன்பர்களிடமும் சில வார்த்தைகள் சொல்லாமல் விடுவது நடுநிலையாகாது. வாடிக்கைக்காரர் மூன்று முறை வந்து, மூன்று முறையும் “நாளை” என்ற பதிலோடு திரும்பியிருந்தால், நான்காம் முறை அவர் வாராமைக்குக் குற்றம் யாருடையது? ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் உடுக்க வேண்டிய துணியைப் பண்டிகை கழிந்து தைத்துக் கொடுத்தால், அவர் எந்த மனத்தோடு கூலி தருவார்? 200 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டு, வந்து நிற்கும்போது 550 ரூபாய் கேட்டால், கொண்டுவந்த பணத்தோடு அவர் திரும்பிப் போவதும், பின்பு தலைகாட்டாமல் இருப்பதும் இயற்கையே. பொருள் எடுக்காமல் கிடப்பதற்கு விலையை முன்கூட்டிச் சொல்லாமையும் பெரியதொரு காரணம் என்று கருதுகிறோம். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கைக்காரரிடம் திருப்பிக் காட்டும் வழக்கமும் வேண்டும். ஐயம் தீர்ந்த இடத்தில் பணம் தானே வரும்.

ஆகவே இருதரப்பாரும் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கூறுகிறோம். முதலாவது, வாய்ப்பேச்சை விட்டுச் சீட்டு எழுதுவது. பெயர், முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள், பொருளின் அடையாளம், பழுது, மதிப்பிட்ட கூலி, திருப்பித் தரும் நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரண்டு எண்கள் என்றது, ஒருவர் வெளிநாடு போனாலும் வீட்டில் மற்றொருவர் பதில் சொல்லும் பொருட்டு. இரண்டாவது, உதிரிப் பாகத்தின் விலையையாவது முன்பணமாகப் பெறுவது. முன்பணம் கொடுத்தவர் பொருளை மறப்பதில்லை. மறந்தாலும் கடைக்காரருக்குக் கைப்பணம் நஷ்டமில்லை. மூன்றாவது, கணக்கிட்ட கூலி மதிப்பீட்டுக்கு மேல் போகுமாயின், வேலை தொடங்குமுன் கேட்டு ஒப்புதல் பெறுவது.

நான்காவது, வேலை முடிந்த அன்றே வாட்ஸப்பில் பொருளின் படத்தோடு ஒரு செய்தி அனுப்புவது. அது நினைவூட்டலும் ஆகும். மின்னணுப் பதிவுகளுக்கு 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடமளித்திருப்பதால் சான்றும் ஆகும். ஐந்தாவது, ஒரு மாதம் கடந்தால் சிறு காவற் கட்டணம் உண்டு என்பதையும், குறித்த காலத்துக்குப் பின் அறிவிப்புக் கொடுத்து விற்க வாடிக்கைக்காரர் சம்மதிக்கிறார் என்பதையும் சீட்டிலேயே அச்சிட்டுக் கையெழுத்து வாங்குவது. விலை மிகுந்த பொருளாயின், விற்குமுன் விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொள்க. சீட்டு தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும் என்பதை இவ்வூர்களில் சொல்லவும் வேண்டுமோ?

முதலுக்கு முட்டுப்பாடு உள்ளவர்கள் அரசாங்கத் திட்டங்களையும் விசாரித்து அறிக. 2023 ஆம் ஆண்டு செப்டம்பர் 17 ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதமர் விசுவகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் சேர்க்கப்பட்டுள்ளன; தையல், செருப்புத் தொழில், கொல்லு வேலை, பூட்டு வேலை ஆகியவை அவற்றுள் அடங்கும். முதற்கட்டமாக 1 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு வட்டியில் கடன் பெற அதில் வழியுண்டு. மின்விசிறி, மிக்சி பழுது பார்ப்போர் அப்பட்டியலில் இல்லை; அவர்கள் 2015 ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தின்படி வங்கிகளை அணுகலாம்; அதன் முதற்படி 50,000 ரூபாய் வரையிலானது. எனினும் ஒன்றை மறவற்க. வாடிக்கைக்காரர் தர வேண்டிய கூலிக்கு ஈடாக வங்கிக் கடன் வாங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும்.

வாடிக்கைக்கார அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சுருக்கமே. பணம் இல்லையென்றால் இல்லை என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். இத்தனாம் தேதி தருகிறேன் என்று நாள் குறியுங்கள். கடைக்காரர் வருந்துவது பணம் தாமதமாவதற்கு அன்று, ஆள் மறைந்துவிடுவதற்கே. பொருள் இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், அதையும் எழுதிக் கொடுத்து, செய்த வேலைக்குரியதைத் தந்து தீர்த்துவிடுங்கள். அவர் உதிரிப் பாகமாகவாவது பயன்படுத்திக்கொள்வார். எல்லைக்கு அப்பால் குடிபோனோர்க்கும் இப்போது சாக்கில்லை. 2016 ஆம் ஆண்டு முதல் வந்த யூ.பி.ஐ. முறையில், எந்த ஊரிலிருந்தும் நொடியில் பணம் அனுப்பலாம். பொருளை ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். மேற்சொன்ன சீட்டை இரு மொழியிலும் ஒரே மாதிரியாக அச்சிட்டு, நம் உறுப்பினர் நடத்தும் கடைகளுக்கு அடக்க விலையில் கொடுத்தால் என்ன? தனியொருவர் கேட்டால் “என்னை நம்பவில்லையா?” என்ற வருத்தம் வரும், சங்கம் வகுத்த முறை என்றால் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. பொங்கலுக்கு முன்னும் ஓணத்துக்கு முன்னும் ஒரு வாரத்தைப் பொருள் மீட்பு வாரம் என்று குறித்து, இவ்விதழிலும் அறிவிக்கலாம். ஒரு தெருவில் பழுது பார்க்கும் கடை மூடப்பட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு மட்டுமன்று. 300 ரூபாயில் முடிந்திருக்கக்கூடியதற்கு நாம் 3,000 ரூபாய் கொடுத்துப் புதிது வாங்க நேரிடும்.

இப்பகுதியைப் படித்து முடித்ததும், வீட்டில் உள்ளோரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: நம் பொருள் எதுவும் எந்தக் கடையிலாவது இருக்கிறதா? குடையோ, கடிகாரமோ, தைக்கக் கொடுத்த ரவிக்கையோ, பாட்டியின் பழைய வானொலியோ, ஏதேனும் ஒன்று நினைவுக்கு வரலாம். வந்தால், இந்த ஞாயிறு கழியுமுன் பணத்தோடு போய் எடுத்து வாருங்கள்.